சத்தம் போடலாம், வா

சோபா இடுக்கில் காய்ந்துபோன களிமண்ணை அம்மா ஸ்பூனால் சுரண்டிக்கொண்டிருந்தாள். போன வாரம் சுருட்டை வந்து விளையாடிய மிச்சம். சுருட்டை, மகளின் வகுப்புத் தோழி. தலைமுடியால் வந்த பெயர்.

“அம்மா, இன்னைக்கு சனிக்கிழமை. சுருட்டை வருவாளா?”

“வரமாட்டா. நான் கூப்பிடலை.”

“ஏன்?”

“எப்பப் பாரு நாமளே கூப்பிடணுமா? ஒரு தடவையாவது ‘எங்க வீட்டுக்கு வாடி’ன்னு சொல்லியிருக்காளா? அவ அம்மாவும் வாசலோட விட்டுட்டு வாசலோட கூட்டிட்டுப் போறாங்க. உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சதில்லை. நம்ம வீடு என்ன சத்திரமா?”

சீருடைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அப்பா பஸ் டிரைவர். கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: “போக ஒரு டிரிப், வர ஒரு டிரிப்னு கணக்கு வைக்கிறது எங்க டிப்போவுலதான். நீ வீட்டுலயும் ஆரம்பிச்சுட்டியா?”

“உங்களுக்கென்ன, கிளம்பிடுவீங்க. சுரண்டறது நான்தானே? அந்தப் பொண்ணும் வந்த புதுசுல எப்படி இருந்தா? எதைக் கேட்டாலும் குசுகுசுன்னு பதில். நம்மகூடப் பேசினா வாய் வலிக்கிற மாதிரி. இப்பத்தான் கூரை பிச்சுக்கிற மாதிரி கத்தறா.”

வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று வேலை செய்பவள் அவள். இன்னொரு பிள்ளைக்கும் சேர்த்துப் பழம் நறுக்குவதில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. தங்களை யாரோ இளக்காரமாக நினைக்கிறார்கள் என்ற எண்ணம்தான் தொண்டையில் முள்ளாக நின்றது.

திங்கட்கிழமை மாலை, மகள் தட்டைத் தொடவில்லை.

“என்னடி ஆச்சு?”

“சுருட்டை எங்கூடப் பேசமாட்டேங்கிறா. வேற பெஞ்சுக்குப் போயிட்டா.”

“நீ ஏதாவது சொன்னியா?”

“நீ சொன்னதைத்தான் சொன்னேன். ‘எங்க வீடு என்ன சத்திரமா? இனிமே வராதே’ன்னு. அவ அழுதுட்டா.” சொல்லும்போதே மகளுக்கும் உதடு பிதுங்கியது. “எனக்கு வேற யாரும்மா இருக்கா?”

அம்மாவுக்குச் சுருக்கென்றது. வீட்டில் எரிச்சலில் கொட்டிய வார்த்தை, பிள்ளையோடு பள்ளிக்கூடம் வரை போயிருக்கிறது.

மறுநாள் கடையில் சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பி, பள்ளி வாசலில் போய் நின்றாள். சுருட்டையின் அம்மா இவளைக் கண்டதும் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

“மன்னிச்சுக்குங்க அக்கா. என் பொண்ணு உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டா போல.” மகளைப் போலவே அவளும் குசுகுசுவென்றுதான் பேசினாள்.

“தொந்தரவெல்லாம் இல்லைம்மா. ஒண்ணு கேக்கறேன், நேராச் சொல்லுங்க. எங்களை ஏன் ஒரு தடவைகூடக் கூப்பிடலை? எங்ககிட்ட ஏதாவது குறையா?”

“ஐயோ, உங்ககிட்ட என்ன குறை? எங்க வீட்டுக்காரருக்கு பேக்கரியில ராத்திரி வேலை. விடிஞ்சு வந்து படுத்தா சாயங்காலம்தான் எழுந்திரிப்பார். இருக்கறது ஒரே ரூம். பாத்திரத்தைக்கூடத் துணி விரிச்சுத்தான் கீழ வைப்போம். குசுகுசுன்னு பேசிப் பேசி எங்க தொண்டையே இப்படி ஆயிடுச்சு. உங்க வீட்டுக்கு முதல்ல வந்துட்டுப் போன அன்னைக்கு என் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? ‘அம்மா, அந்த வீட்டுல சத்தம் போடலாம்!’னு.”

“அப்ப நீங்க ஏன் உள்ள வராமலே போனீங்க?”

“உள்ள வந்தா, பதிலுக்கு ‘நீங்களும் வாங்க’ன்னு சொல்லணுமே. அதான் வாசலோட ஓடிடுவேன்.”

“இவ்வளவுதானா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே!”

“நீங்களும் கேட்டிருக்கலாமே அக்கா.”

அம்மா தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். தொண்டையில் இருந்த முள் போய்விட்டது.

“சரி, வர்ற சனிக்கிழமை நாங்க உங்க வீட்டுக்கு வரோம். சத்தமே போடமாட்டோம்.”

“உங்க பொண்ணா? சத்தம் போடாமலா?”

இருவரும் சிரித்த சிரிப்பில், வாசலுக்கு வந்த பிள்ளைகள் இரண்டும் திருதிருவென்று விழித்தன. பிறகு ஒன்றின் கை இன்னொன்றின் பைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிட்டது.

சனிக்கிழமை அந்த ஒற்றை அறையில், நடுவே தொங்கிய திரைக்குப் பின்னால் குறட்டை சீராக ஏறி இறங்கியது. இந்தப் பக்கம் பிள்ளைகள் களிமண் உருட்டினார்கள். சிரிப்பு வரும்போதெல்லாம் ஒருத்தி வாயை மற்றவள் பொத்தினாள். முகமெல்லாம் களிமண்.

மாலை வெயில் ஜன்னலை விட்டு இறங்கிய நேரத்தில், அம்மா சுருட்டையின் அம்மாவிடம் மெல்லிய குரலில் சொன்னாள்:

“கூப்பிடலைன்னா திமிர்னு நானா முடிவு கட்டிட்டேன்மா. அவங்கவங்க வீட்டுல என்ன சங்கடமோ, யாருக்குத் தெரியும்? ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே தீர்ந்திருக்கும். பெரியவங்க வீம்புக்குப் பிள்ளைங்க சிநேகத்தைப் பலி குடுக்கவே கூடாது.”

குறட்டை நின்று வெகுநேரம் ஆகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

“ரொம்பச் சரி,” என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தூக்கக் குரல். “அதைக் கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுங்களேன் அக்கா. நாலு பேருக்குக் கேக்கட்டும்!”

“ஹே! அப்பா முழிச்சிட்டார்!” என்று பிள்ளைகள் இருவரும் சேர்ந்து போட்ட கூச்சலில், தெருக்கோடியில் படுத்திருந்த நாய் எழுந்து குரைத்தது.