மூன்றாவது இலை

அறுபத்தொரு மணி நேரம். காலையில் வேலைக்குப் போகும் முன்னும், மாலையில் வெளிச்சம் இருக்கும் வரையிலும் சின்னவள் அந்தத் துண்டு நிலத்தில் குனிந்து கிடந்த நேரம் அது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதையும் அளந்தே பழகியவள்.

பழைய பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தைக் கயிறு கட்டிப் பிரித்து, காய்கறி போட்டுக்கொள்ளக் குடும்பத்துக்கு ஒரு துண்டு என்று நகராட்சி வாடகைக்குக் கொடுத்தது. மனுப் போட்டவள் அவள். நான்கு வருடம் காத்திருந்தவளும் அவள்தான். கையில் கிடைத்தபோது அங்கே இடுப்பளவு புதரும், கண்ணாடிச் சில்லும், துருப்பிடித்த சைக்கிள் சட்டமும்தான் இருந்தன. கோரையை அவசரத்தில் இழுத்தால் தண்டு கையோடு வந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள் நின்று ஒன்றுக்குப் பத்தாகும். அதனால் ஒவ்வொரு கிழங்காகத் தோண்டி எடுத்தாள். நகக்கண்ணில் ஏறிய மண் பரிசோதனைக் கூடத்தின் சோப்புக்கும் போகவில்லை.

மண் பொலபொலவென்று ஆன வாரத்தில் அண்ணன் வெள்ளை ஷூவோடு வந்து பார்த்தான். மறுநாள் இரவு சாப்பிடும்போது சொன்னான்.

“தோட்டத்தை என் பேருக்கு மாத்திட்டேன். நகராட்சி ஆபீஸ்ல சொன்னேன், முடிச்சுக் குடுத்துட்டாங்க.”

“ஏன்?”

“ஏன்னா? நீ நாளைக்கே கல்யாணமாகிப் போயிடுவ. தோட்டத்தை இடுப்புல கட்டிக்கிட்டா போவ?”

அண்ணிக்குச் சிரிப்பில் புரையேறியது. அம்மா தண்ணீரை நகர்த்திக் கொடுத்தபடி, “விடுடி. யார் பேர்ல இருந்தா என்ன, விளைஞ்சா திங்கப்போறது நாமதானே” என்றாள்.

“அவ ஒண்ணும் சொல்லமாட்டாம்மா. ஊமைக்கோட்டான்” என்றான் அண்ணன். “சுவரோரமா ஒரு பட்டை இருக்கு பாரு, வெயில் விழாதே, அதை நீ வெச்சுக்க. பாவம், உழைச்சிருக்கே.”

சின்னவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. பாவம் என்ற அந்தச் சொல்தான் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது. உனக்கு ஒருநாள் இருக்குடா என்று மனத்துக்குள் கறுவிக்கொண்டாள். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

வழியை அண்ணனே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

ஊருக்கு வெளியே இருந்த குதிரைப் பண்ணையிலிருந்து ஒரு வண்டி எரு. இனாம். லாயக்காரர் கூடவே வந்து இறக்கினார். “எங்க மேய்ச்சல் நிலத்துல புல்லைத் தவிர ஒரு களை பார்க்கமுடியாதுங்க. வருஷா வருஷம் மருந்து அடிச்சிடுவோம்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சின்னவளின் காது அங்கேயே நின்றுவிட்டது. புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளையெல்லாம் கொல்லும் மருந்துகளில் சில, குதிரையின் வயிற்றில்கூடக் கரையாது. புல்லாய் உள்ளே போய், சாணமாய் வெளியே வந்து, மட்கிய பிறகும் எருவில் உட்கார்ந்திருக்கும்.

“அண்ணா, இந்த எருவை ஒரு தடவை...”

“ஆரம்பிச்சுட்டா விஞ்ஞானி! தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பார்க்கலாமா?”

“மாடு இல்லைங்க, குதிரை” என்றாள் அண்ணி.

“அதைத்தான் சொல்றேன். குதிரைக்குத் தெரியாததா இவளுக்குத் தெரிஞ்சிடும்?”

இருவரும் சிரித்தார்கள். திறந்த வாயைச் சின்னவள் மூடிக்கொண்டாள். அன்று மாலை ஒரு பை எருவை மட்டும் எடுத்துப் போனாள்.

குளியலறை ஜன்னலில் நான்கு காகிதக் குவளைகள். இரண்டில் வெறும் மண், இரண்டில் எரு கலந்த மண், எல்லாவற்றிலும் பீன்ஸ் விதை. அண்ணி பல் துலக்கிக்கொண்டே, “இதுல விளையறதை வெச்சு ஊருக்கே விருந்து போடலாம் போலிருக்கே” என்றாள். அண்ணனுக்கு அலுவலகத்தில் வேலை நெருக்கியதால் எரு தார்ப்பாயின் கீழ் மூன்று வாரம் கிடந்தது. சோதனைக்கு அது போதுமானதாக இருந்தது.

முதல் இரண்டு இலைகள் நான்கு குவளையிலும் ஒன்றுபோலத்தான் விரிந்தன. மூன்றாவது இலைதான் சேதி சொன்னது. வெறும் மண்ணில் அது உள்ளங்கையாய் விரிந்தது. எரு கலந்த மண்ணில் மூடிய கைபோல உள்நோக்கிச் சுருண்டு நின்றது. சின்னவள் கதவைத் தாழிட்டுக்கொண்டு அதைப் பார்த்தாள். அழகாக இருந்தது. நான்கு குவளையையும் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எரு கொட்டினான்.

“உன் பட்டைக்கும் ரெண்டு கூடை போடவா?”

“எனக்கு வேண்டாம்.”

“ரோஷத்தைப் பாரு. போகட்டும், எனக்கு மிச்சம்.”

தக்காளி, பீன்ஸ், உருளை என்று அவன் பட்டியல் போட்டதில் ஒன்றுகூட அந்த மருந்துக்குத் தப்பும் இனம் இல்லை. அவள் சுவரோரம் உட்கார்ந்து வெங்காயம் ஊன்றினாள். உதட்டுக்குள் ஒரு பாட்டு ஓடியது.

ஒன்றை மட்டும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த வீட்டில் எந்த நாற்றையும் அம்மாதான் நடுவாள். அம்மா கைபட்டால் பட்ட கோலும் துளிர்க்கும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அம்மாவுக்குச் சொந்தமென்று இருந்த ஒரே பெருமை அது. அன்றும் முழங்கால் வலியோடு மண்டியிட்டு, ஒவ்வொரு நாற்றையும் பிள்ளையைத் தொட்டிலில் இடுவதுபோல் இறக்கினாள். சின்னவள் எழுந்தாள். அண்ணன் இடுப்பில் கைவைத்து அண்ணியிடம் படம் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். “பின்னாடி அந்த ஊமை தெரியுது பாரு, அதை வெட்டிட்டு எடு.” சின்னவள் மறுபடி உட்கார்ந்தாள்.

மூன்று வாரத்தில் தக்காளியின் குருத்து பெரணிபோலச் சுருண்டது. பீன்ஸ் கொடி ஏறவில்லை, முறுக்கிக்கொண்டு நின்றது. அண்ணன் தண்ணீரைக் கூட்டினான், குறைத்தான், கடையில் விற்ற பொடியெல்லாம் வாங்கித் தூவினான். நடுவில் முளைத்த புல் மட்டும் தளதளவென்று நின்றது. சின்னவள் மாலைதோறும் போய்த் தன் வெங்காயத்துக்குத் தண்ணீர் விடும் சாக்கில் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த நாட்களில் அவளுக்குச் சோறு ருசித்தது. படுத்தவுடன் தூக்கம் வந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தோட்டத்தில் இருந்தபோது நகராட்சியின் தோட்ட மேற்பார்வையாளர் வந்தார். செடிகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “பயிர் இல்லாத துண்டைத் திருப்பி எடுத்துக்குவாங்க சார்.”

அண்ணன் மண்வெட்டியை வீசி எறிந்தான். “எனக்கு வேண்டாம்ங்க இந்தத் தலைவலி. இவ பேருக்கே மாத்திடுங்க. வெங்காயமாவது போடறா.”

“நிஜமாவா சார்? நாளைக்கே மாத்திடறேன். ஏம்மா, உங்களுக்குச் சம்மதமா?”

சின்னவள் வெங்காயப் பட்டையிலிருந்து எழுந்து நின்றாள். தலையை அசைத்தால் போதும். நிலம் அவளுடையது. அந்த மருந்து தொடாத வெங்காயமும் சோளமும் இரண்டு வருடம் போட்டால் மண் தானே தேறிவிடும்.

“எல்லாம் கைராசி” என்றான் அண்ணன், கையைத் தட்டிக்கொண்டு. “நானே நட்டிருக்கணும். அம்மாவுக்கு வயசாச்சு, பழைய கை இல்ல அது. இனிமே அம்மாவைச் செடி கொடி பக்கமே விடக்கூடாது.”

“நானும் அதான் நினைச்சேன்” என்றாள் அண்ணி. “வீட்டுல ரோஜாகூடக் கருகிடுச்சு.”

அம்மா பூவாளியை மெல்லக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவற்றைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

“சொல்லுங்கம்மா, மாத்திடவா?” என்றார் மேற்பார்வையாளர்.

சின்னவள் தலையை அசைக்கவில்லை. அண்ணனை நேராகப் பார்த்தாள். பார்த்தபோது பழைய கோபம் ஒரு துளிகூடக் குறையாமல் அப்படியே இருந்தது. குரல் மட்டும், அவளே எதிர்பாராத அளவுக்கு, உரக்க வந்தது.

“அம்மா கையில ஒரு குறையுமில்ல. எருவுல களைக்கொல்லி இருக்கு. நீ கொட்டறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.”