ஆட்சேபணை இல்லை

அப்பாவின் விரல்களுக்குள்ளிருந்து பேனாவை உருவிப் பார்த்தாள். வரவில்லை. கட்டைவிரலை நிமிர்த்தினால் ஆள்காட்டி விரல் மடங்கிக்கொண்டது.

“இழுக்காத, ஒடிஞ்சுடப் போகுது” என்றான் அண்ணன். வாசலோரம் நின்ற பயணப் பெட்டிகளில் பெரியதன் மேல் உட்கார்ந்திருந்தான். நாற்காலிகளையெல்லாம் துக்கம் கேட்க வருகிறவர்களுக்குப் போட்டாயிற்று.

“உயிரோட இருந்தப்பவே எதையும் விட்டதில்ல. இப்ப விட்டுடுவாரா?” என்றாள்.

“செத்த வீட்ல பேசற பேச்சா இது?” அண்ணி கண்ணைத் துடைத்தாள். கடற்கரைக்கென்று வாங்கிய கறுப்புக் கண்ணாடி இன்னும் அவள் தலையில்தான் இருந்தது.

அப்பா ஒரு வக்கீல் அலுவலகத்தில் முடி நரைக்கும்வரை குமாஸ்தாவாக இருந்தவர். தெருவில் அவர் பெயர் அரை வக்கீல். கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டமாகவே வாங்கிக்கொண்டார். குடும்பம் விடுமுறைக்குக் கிளம்பும்போதெல்லாம், வண்டி வாசலுக்கு வந்த பிறகு, எல்லோரையும் பெட்டிகளுக்கு நடுவே நிறுத்தி உயிலைத் திருத்துவார்.

“போற வழியில வண்டி கவிழ்ந்தா யாருக்கு என்னன்னு தெரிய வேண்டாமா?”

கவிழ்ந்தால் எல்லோரும்தானே போவோம் என்று ஒரு தடவை அவள் கேட்டுவைத்தாள். அந்த வருடம் மாடி அறை அவள் பங்கிலிருந்து போயிற்று.

பழைய உயிலைக் கிழித்துவிட்டுத்தான் புதியதை வாசிப்பார். ‘நல்ல நினைவோடும் தெளிந்த புத்தியோடும்’ என்று அவர் தொண்டையைச் செருமும்போது வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார். சாட்சிக்கு வெளியாள் கூடாது. நம் வீட்டு அழுக்கை அடுத்தவன் கல்லிலா துவைப்பது? பங்கு வாங்குகிறவர்களே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் ஒருத்தரும் வாய் திறக்க முடியாது பாருங்கள். இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதில் அவருக்கிருந்த பெருமை பெற்ற பிள்ளைகளைப் பற்றிக்கூட இருந்ததில்லை.

இன்று காலை கடற்கரைக்குக் கிளம்பும்போது வாசித்ததில் வீடு முழுக்க அண்ணனுக்கு. வாசல் அறையும் சேர்த்து. அந்த அறையில்தான் அவளுடைய தையல் மெஷின், துணி வெட்டும் மேசை, பள்ளிச் சீருடைக் கட்டுகள், மொத்தத்தில் அவள் சோறு இருந்தது.

“மகளுக்கு அவளுடைய வாய். அதை வைத்துப் பிழைத்துக்கொள்வாள்.” நிறுத்தி, ருசித்து வாசித்தார்.

“பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள தைச்சுக் குடுத்தாகணும்ப்பா. அதான் வரலன்னேன்.”

“குடும்பத்தோட வராதவளுக்குக் குடும்ப வீடு எதுக்கு?”

கையெழுத்துப் போட்டார். அண்ணன் போட்டான். அண்ணி போட்டாள். அப்பா பேனாவை வாங்கி அவள் பக்கம் நீட்டினார்.

“ஆட்சேபணை இல்லைன்னு போடு.”

“அந்தப் பேனாவை நீங்களே வச்சுக்கோங்க.”

வைத்துக்கொண்டார். நீட்டிய கை நீட்டியபடியே நாற்காலியில் ஒருக்களித்துச் சாய்ந்தார். மகள் சொன்னதை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிற்பகலில் வக்கீல் வந்தார். அப்பாவின் பழைய முதலாளியுடைய மகன். உடலருகே தலைகுனிந்து நின்றுவிட்டுத் திரும்பியவரிடம் அண்ணன் உயிலை நீட்டினான்.

“நாளைக்குப் பார்த்துக்கலாமே.”

“சும்மா ஒரு பார்வை சார். அப்பாவோட ஆசை.”

வக்கீல் படித்தார். கடைசிப் பக்கத்தில் நின்றார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“சாட்சி யாரு, நீங்களேவா?”

“நானும் வீட்டுக்காரியும்.”

“சொத்து வாங்கறவரே சாட்சி போட்டா, அவருக்கு எழுதினது செல்லாது. எங்க ஆபீஸ் கதவுக்குக்கூடத் தெரியுமே இது.”

“அப்பா அங்கதானே சார் காலம் பூரா இருந்தாரு!”

“இருந்தாரு. தபால்ல ஸ்டாம்பு ஒட்டினாரு.” வக்கீல் தாளை மடித்தார். “பழைய உயில் இருக்கா?”

அண்ணி குப்பைக்கூடையைப் பார்த்தாள்.

“அப்ப உயிலே இல்லாத மாதிரிதான். அம்மாவும் இல்ல. உங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதி வீடு.”

அவர் படியிறங்கும் வரைதான் அண்ணன் பொறுத்தான். “தெரிஞ்சுதான் நீ கையெழுத்துப் போடல!”

“எனக்கென்ன தெரியும்? வாய் மட்டுந்தானே எழுதி வச்சாரு. வாசல் ரூம் என் பாதியில வரணும், சொல்லிட்டேன்.”

“கோர்ட்ல பார்க்கலாம்.”

“வாங்க. சாட்சிக்கு மட்டும் வேற ஆளைக் கூட்டிட்டு வாங்க.”

“எடுக்க ஆள் வந்துடுவாங்க. முதல்ல அவருக்கு ஒரு நல்ல சட்டையைப் போடுங்க” என்றாள் அண்ணி. மாமனார்மேல் அவளுக்கு இப்போது ஒரு சொட்டுக் கண்ணீரும் மீதமில்லை.

அப்பாவின் பெட்டியை மகள் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே கடற்கரைக்கென்று அவள் தைத்த பூப்போட்ட சட்டை இருந்தது. நேற்றுப் போட்டுப் பார்த்தபோது, “கழுத்து இறுக்குது, தையல்காரின்னு பேரு வேற” என்று மெஷின்மேல் விட்டெறிந்த அதே சட்டை. அதை யாரும் எடுத்து வைக்கச் சொல்லவில்லை. அதை மடித்திருந்த அழகைப் பார்த்தாலே மடித்தது யார் என்று தெரிந்தது. உயில் காகிதம் மடிப்பதுபோல் மூன்றாக, விளிம்போடு விளிம்பு சேர்த்து.

பேனா பிடித்த கை சட்டைக்கைக்குள் நுழையவில்லை.

“கையை வெட்டி எறி” என்றான் அண்ணன். எந்தக் கையை என்று சொல்லவில்லை.

அவள் வாசல் அறைக்குப் போய் ஊசியும் நூலும் கத்தரியும் எடுத்து வந்தாள். சட்டைக்கையின் அடித்தையலை அக்குள் வரை பிரித்து, அந்தக் கையைச் சுற்றிப் போர்த்தி, அவர் மேலேயே வைத்து மறுபடி தைத்தாள். வெளியே தெரியாத தையல். நூலைப் பல்லால் கடித்தாள்.

பிறகு கீழிருந்து ஒவ்வொன்றாகப் பித்தான்களைப் போட்டுக்கொண்டு வந்தாள். கழுத்துப் பித்தானை மட்டும் போடவில்லை.