லாம்பர்ட்டின் பிறந்த வருடம்

பேராசிரியர் லாம்பர்ட் ஒபியோராவின் சவப்பெட்டி பந்தலுக்கு நடுவில் இருந்தது. அதைத் தூக்க வேண்டிய கிழவர்கள் பதினோரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். காரணம் எபெலேயின் மடியில் இருந்த பித்தளைத் தகடு. அவர் முப்பத்தாறு வருடம் வரலாறு கற்பித்த அமெரிக்கக் கல்லூரி, அவருடைய பழைய மாணவியான அவளிடம் கொடுத்தனுப்பியது. அடக்கத்துக்கு முன் அவள் மைக்கில் வாசிக்க வேண்டிய அதில், பிறப்பு 1950 என்று பொறித்திருந்தது.

"எங்க கூட்டம் நாப்பத்து மூணுல பொறந்த கூட்டம், தாயி," என்றார் அவர்களுடைய தலைவர் இலோகா. "ஒண்ணா நீச்சல் பழகினோம், ஒண்ணா வாத்தியார்ட்ட அடி வாங்கினோம். இவனை ஏழு வருஷம் சின்னவன்னு மைக்குல வாசிச்சா, அந்தா அந்தப் பொடிப்பசங்களோட சேத்த மாதிரி. அப்புறம் அவனுங்களே தூக்கட்டும்."

அவர் கைகாட்டிய பொடிப்பசங்கள் 1950இல் பிறந்த கூட்டம்; அவர்களுக்கும் எழுபத்து நாலு வயது. ஒரே சமயத்தில் பிறந்தவர்கள் ஒரு கூட்டம், தங்கள் ஆளைத் தாங்களே குழிக்குத் தூக்குவார்கள். இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது என்பது அந்தப் பக்கத்து எனுகு நகரில் வளர்ந்த எபெலேக்கும் தெரியும்.

எதிரே நிறுத்தி வைத்திருந்த செல்போன் வழியாகக் கல்லூரி டீன் பார்த்துக்கொண்டிருந்தார். புது நூலகத்துக்குப் பேராசிரியர் பெயரை வைப்பதா என்று அடுத்த வாரம் முடிவு. அதற்காக இரண்டு வருடம் மல்லுக்கட்டியவள் அவள்தான். பொய் வயது காட்டி வந்தவர் என்று தெரிந்தால் அத்தோடு கதை முடிந்தது. 1950 என்று வாசித்தாலோ, மனிதர் சொந்த ஊரில் தூக்க ஆளில்லாமல் கிடப்பார்.

கோபமும் வந்தது. தேர்வு நாளில் வாசலில் நின்று "சாப்பிட்டியா?" என்று கேட்டு ஒவ்வொருத்தர் கையிலும் அவித்த வேர்க்கடலையைத் திணித்தவர். ஒரு தேதி பிசகினால் பத்து மதிப்பெண்ணை ஈவிரக்கமில்லாமல் வெட்டியவரும் அவரேதான். அவள் அப்பா இறந்தபோது ஊருக்கு வர வழியில்லாமல் அழுதவளோடு, வகுப்பை ரத்து செய்துவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். அவரா பொய் சொன்னார்? அப்படியானால் இத்தனை காலம் அவள் யார் மேல் உயிரை வைத்திருந்தாள்?

இலோகாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். "ஐயா, மறைக்காம சொல்லுங்க. எதுக்கு வயசைக் குறைச்சாரு?"

"பியாஃப்ரான்னு தனி நாடு கேட்டு நடந்த சண்டை எழுபதுல முடிஞ்சப்ப இவனுக்கு இருபத்தேழு. அமெரிக்காக்காரன் படிப்புக்கு வயசு இருபத்தொண்ணு தாண்டக்கூடாதுன்னுட்டான். வீட்டுல பொறந்த வருஷம் போட்ட ஒரு ஞானஸ்நானச் சீட்டு கெடந்துச்சு."

"யாரோடது?"

"தம்பியோடது. அவன்தான் லாம்பர்ட். பதினெட்டு வயசுல சண்டைக்குப் போனான், பொணங்கூட வரலை. இவன் பேரு உடோகா. உனக்கு யாரும் சொல்லலையா?"

காலையிலிருந்து பெண்கள் உடோகா, உடோகா என்றுதான் அழுதார்கள். செல்லப் பெயர் என்று நினைத்திருந்தாள்.

"அப்ப லாம்பர்ட்டை அடக்கம் பண்ணவேயில்லையா?"

"எப்படிப் பண்றது? அவன் பேரு அமெரிக்காவுல உசுரோடல்ல இருந்துச்சு! அண்ணன்காரன் பொழப்பைக் கெடுக்க வேணாம்னு ஊரே வாயை மூடிக்கிச்சு."

மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். போகிற வழியில்தான் செல்போன். ஒரு விரலால் அணைத்துவிடலாம். விரல் அதன் மேல் வரைக்கும் போனது. அணைக்க மனம் வரவில்லை. தகட்டைக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"உடோகா ஒபியோரா. பிறந்தது 1943."

இலோகாவின் ஆட்கள் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்கள். அவள் மைக்கை விடவில்லை.

"லாம்பர்ட் ஒபியோரா. பிறந்தது 1950. பதினெட்டு வயசுல போர்ல செத்துட்டாரு. அண்ணன் அவரோட சீட்டைக் காட்டிப் படிச்சாரு, அவர் பேருலதான் எங்களுக்குப் பாடம் சொன்னாரு. என்னை ஆளாக்கினது ரெண்டு பேரும்."

டீனின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. பதினோரு கிழவர்களும் எழுந்து பெட்டியருகே போனார்கள். அப்போது எதிர்ப்பக்கம் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. இலோகா பொடிப்பசங்க என்றாரே, அவர்களும் எழுந்துவிட்டார்கள். தடியூன்றி வந்த ஒருவர் இலோகாவின் முன்னால் நின்றார்.

"ஒரு பக்கத்தை எங்களுக்கு விடுங்கண்ணே," என்றார். "அம்பத்தாறு வருஷமா எங்க ஆளை நாங்க தூக்கவேயில்ல."

இலோகா தள்ளி நின்று இடம் விட்டார்.