பா சியூ சந்தைக்கு ஒன்பது வழி

ஜோவலின் கடைசி வகுப்பில் கோட்டைவிட்டிருந்தால் அந்தப் பழி முழுக்க என் தலையில்தான் விழுந்திருக்கும். விழவேண்டியதும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு லோய் அண்ணன் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார், அதை நம்பாதீர்கள்.

என் பெயர் தோவா. சைகோனில், நோ ட்ராங் லாங் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தின் முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எதிர் மாடியில் ஒரு பயிற்சிப் பள்ளி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நான்கு வாரம் இங்கே தங்கி, இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று கற்றுக்கொண்டு போவார்கள். சொல்லிக்கொடுத்துப் பழக ஆள் வேண்டுமே! அதற்குத்தான் எங்கள் சந்து. முடிவெட்டப் பழகுகிறவனிடம் இலவசமாகத் தலையை நீட்டுகிறோமே, அப்படி நாங்கள் ஒன்பது பேர் வாரத்துக்கு மூன்று நாள் மாடியேறி உட்காருவோம். மூன்று வருடத்தில் நாற்பது டீச்சர்களைப் பார்த்துவிட்டேன். பாட்டுப் பாடுகிறவர்கள், பந்து எறிகிறவர்கள், வியர்த்து ஒழுகுகிறவர்கள் என்று எல்லா ரகமும் உண்டு. யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று முதல் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன்.

ஜோவலின் தேறமாட்டாள் என்றுதான் முதல் நாள் சொன்னேன்.

பிலிப்பைன்ஸில் இலோய்லோ பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது. இங்கிலீஷ் அவள் வாயில் தண்ணீராய் ஓடும். அதுதான் வினையே. கேள்வி கேட்பாள், நாங்கள் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். பின்பெஞ்சில் டெஸ்மண்ட் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொள்வார். அயர்லாந்துக்காரர், அங்கே பயிற்சி கொடுப்பவர் அவர்தான். முகத்தில் ஒன்றும் தெரியாது. அவருக்கு ஒரே சட்டம்: டீச்சர் குறைவாகப் பேச வேண்டும், மாணவர்கள் நிறையப் பேச வேண்டும். ஆறு வகுப்பு எடுக்க வேண்டும், மூன்றில் தோற்றால் சான்றிதழ் கிடையாது. ஐந்து முடிவதற்குள் ஜோவலின் இரண்டில் தோற்றுவிட்டாள்.

ஆனால் அதற்குள் அவள் எனக்கு வேண்டியவளாகிவிட்டாள். எப்படி என்று கேட்டால், என் ஸ்கூட்டரால். முதல் வாரம் என் கடைக்கு எதிரே சாலையைக் கடக்க முடியாமல் கால் மணி நேரம் நின்றாள். பொறுக்க முடியாமல் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் ஸ்கூட்டரில் ஏற்றினேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஊர் சுற்றல்தான். கால்வாய் ஓரம், பூச்செடி விற்கும் தெரு, பழைய சாமான் சந்தை, இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய சந்துகள், எல்லாம் போனோம். பின்னால் உட்கார்ந்து, "அக்கா, இது எங்க போகுது? அக்கா, அங்க திரும்பு, அங்க திரும்பு!" என்று கத்துவாள். ஐம்பத்தொரு வயதில் எனக்கு இந்த ஊர் மறுபடி புதிதாகிவிட்டது. கணக்குப் பார்த்தால் வகுப்பில் கற்றதைவிட அந்த ஸ்கூட்டரில்தான் நான் அதிகம் இங்கிலீஷ் கற்றேன்.

கடைசி வகுப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது, எங்களோடு வகுப்புக்கு வரும் சுயெனின் பலகாரக் கடையில் பொரித்த மாவுக்கட்டியும் முட்டையும் தின்றுகொண்டே ஜோவலின் அழுதுவிட்டாள்.

"ஆறு வருஷம் கால் சென்டர்ல இருந்தேன்க்கா. யாராவது ரெண்டு செகண்ட் பேசாம இருந்தா மேல இருந்து திட்டு வரும். பேசு, பேசு, பேசிக்கிட்டே இருன்னு. இப்ப நிறுத்துன்னா எப்படிக்கா நிறுத்துறது?"

"வாயில மாவுக்கட்டி இருக்கறப்போ நிறுத்துற இல்ல? அப்படித்தான்," என்றேன்.

சிரித்தாள். பிறகு சொன்னாள்: "தாலாத் ஊர்ல ஒரு ஸ்கூல்ல எனக்கு டீச்சர் வேலை வச்சிருக்காங்க. சான்றிதழ் இல்லேன்னா இல்ல. மறுபடி அந்த ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு உக்கார என்னால முடியாதுக்கா. செத்துருவேன்."

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில், சாமியே கொண்டுவந்து கொடுத்ததுபோல, தன் கடைசி வகுப்பின் தாள்களை ஜெராக்ஸ் எடுக்க என்னிடமே வந்தாள். ஒரு வரைபடம்: எங்கள் பள்ளியிலிருந்து பெரிய சாலையாகவே பா சியூ சந்தைக்குப் போகும் வழி. கீழே பன்னிரண்டு கேள்விகள். "பத்து காப்பி போதும்க்கா," என்று வைத்துவிட்டு ஓடினாள். நான் இருபது போட்டேன்.

இதில் என்ன தப்பு? எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போன யாரையும் கேளுங்கள். வகுப்பில் கடைசி வரிசையில் அதிகாரி வந்து உட்காரப்போகிறார் என்றால், முந்தின நாளே ஒத்திகை நடக்கும். எந்தக் கேள்விக்கு யார் பதில் என்று பிரித்துக் கொடுப்பார்கள். எல்லோரும் கை தூக்க வேண்டும். தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. டீச்சர் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். டீச்சரின் மானத்தைக் காப்பாற்றாத வகுப்பும் ஒரு வகுப்பா?

அன்று சாயங்காலம் சுயென் கடையில் ஒன்பது பேரும் கூடினோம். மிச்சத் தாள்களையும், எந்தக் கேள்வி யாருக்கு என்பதையும் நான்தான் பிரித்துக் கொடுத்தேன்.

"எல்லாமே சரியாச் சொன்னா சந்தேகம் வரும். ஒருத்தர் தப்பாச் சொல்லணும். லோய் அண்ணே, ஏழாவது கேள்விக்கு நீங்க தப்பாச் சொல்லிடுங்க."

லோய் அண்ணன் முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெஞ்சைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நானா? வழி கேட்டா நான் தப்பாச் சொல்றதா? என் பஸ்ஸே என்னைப் பார்த்துச் சிரிக்கும்!"

"டீச்சருக்காகங்க," என்றாள் சுயென்.

"வேற யாரையாவது தப்பாச் சொல்லச் சொல்லு. இதோ, இந்த டாட் இருக்கானே, அவனுக்கு அது சுலபமா வரும்."

டாட் வீடு வீடாக உணவுப் பார்சல் கொண்டுபோகிறவன்; பையன் மாதிரித் தெரிவானே தவிர, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். "பெரியப்பா, நான் ஒரு நாளைக்கு நாப்பது வீடு கண்டுபிடிக்கிறேன். நீங்க முப்பது வருஷமா ஒரே ரோட்டுல போய்ட்டு வந்தீங்க," என்றான். ஒருவழியாக அடக்கினேன். கடைசியில் யாரும் தப்பாகச் சொல்வதில்லை என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜோவலின் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். டெஸ்மண்ட் பின்னால் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். ஒரு மணி நேர வகுப்பு. அவள் வரைபடத்தைக் கொடுத்து முதல் கேள்வியைக் கேட்டாள். ஒன்பது வலது கை. பதில் வந்தது. அடுத்தது, ஒன்பது வலது கை. நாங்கள் படபடவென்று பொரிந்து தள்ளினோம்! ஏழாவது கேள்விக்கு அவள் வாயைத் திறக்குமுன்பே லோய் அண்ணன் எழுந்து பதிலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பன்னிரண்டாவது பதில் முடிந்தபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம்தான் ஆகியிருந்தது. ஒரு மணி நேரப் பாடத்தை நாங்கள் பதினோரு நிமிடத்தில் தின்று தீர்த்துவிட்டிருந்தோம்.

ஜோவலின் தாளைப் புரட்டினாள். பின்பக்கம் வெற்றுத்தாள். பிறகு நேராக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது தெரிந்தது. ஜெராக்ஸ் எடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியாதா? என் காது இரண்டும் எரிந்தன. பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

இப்போது வாயைத் திறந்து கொட்டப்போகிறாள், நாற்பத்தொன்பது நிமிடமும் இவளே பேசப்போகிறாள், மூன்றாவது தோல்வி என்று நினைத்தேன். வாயைத் திறக்கவும் திறந்தாள். மூடிக்கொண்டாள். வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைப் பாதியாக மடித்து மேசையில் போட்டாள்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு, உங்கள்ல யாராவது இந்த வழியில போவீங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள். கேட்டுவிட்டு, காலியாக இருந்த ஒரு மாணவர் நாற்காலியில் உட்கார்ந்து, உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள்.

நாங்கள் திருதிருவென்று விழித்தோம். இந்தக் கேள்விக்கு யாருக்கும் பதில் பிரித்துக் கொடுக்கவில்லையே. யாரும் எந்தக் கையையும் தூக்கவில்லை. அவள் கை மேசைவிளிம்பை இறுக்கியிருந்ததைப் பார்த்தேன். பேசாதே, பேசிவிடாதே என்று மனதுக்குள் கும்பிட்டேன். அரை நிமிடம் போயிருக்கும். இன்னும் கொஞ்சம் போயிருக்கும்.

டாட்தான் உடைந்தான். எங்கள் இங்கிலீஷை அப்படியே எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள், அதனால் ஒழுங்காகவே எழுதுகிறேன்.

"யாரும் போகமாட்டாங்க டீச்சர். அந்த நேரத்து நெரிசல்ல மடையன்தான் போவான்."

"மடையனா?" லோய் அண்ணன் நாற்காலி கிறீச்சிடத் திரும்பினார். "அந்த ரோட்டுல முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன்டா நான்!"

"அதான் பஸ் லேட்டா வந்துச்சு!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அப்புறம் மடை திறந்துவிட்டது. கோயிலுக்குப் பின்னாலுள்ள சந்தில் புகுந்தால் ஆறே நிமிடம் என்றான் டாட். அந்தச் சந்தில் மூன்று வாரமாகக் குழாய்க்குக் குழி தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்றாள் சுயென். தினமும் விடியற்காலையில் கறிகாய் வாங்கப் போகிறவள் அவள். பௌர்ணமிக்குக் கடல் பொங்கிக் கால்வாய் வழியாகப் பெரிய சாலையில் முழங்கால் தண்ணீர் ஏறுமே, அப்போது என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் நான் எழுந்து நிற்பதைக் கவனித்தேன்.

"தண்ணிக்கு பஸ் பயப்படாது!"

"உங்களுக்குத்தான் இப்ப பஸ் இல்லையே அண்ணே! சைக்கிள்தானே இருக்கு!" என்றேன்.

டாட் பலகைக்கு ஓடி வழி வரைந்தான். லோய் அண்ணன் போய்ப் பாதியை அழித்தார். சுயென் பேனாவைப் பிடுங்கினாள். கோபத்தில் லோய் அண்ணன் எங்கள் பாஷைக்குத் தாவியபோது ஜோவலின் ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, வார்த்தை தேடி, இங்கிலீஷுக்குத் திரும்பி வந்து திட்டினார். வாயே திறக்காமல் மூன்று வருடம் மூலையில் உட்கார்ந்திருந்த பாங்கு காவலாளிகூட, "கால்வாய் ஓரமாப் போனா காத்து வரும்," என்று தன் வழியைச் சொன்னார். பலகையில் ஒன்பது வழி ஆனது. எனக்கு ஒரே படபடப்பு, ஒரே ஆனந்தம். இங்கிலீஷில் ஒருவரைத் திட்ட முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

மணி அடித்த பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை. டெஸ்மண்ட் எழுந்து முன்னால் வந்துதான் நிறுத்தினார்.

"ஒன்பது வருஷமா இங்க இருக்கேன். நான் தினமும் பெரிய ரோட்டுலதான் போறேன்," என்றார்.

"பாத்தியா!" என்றார் லோய் அண்ணன்.

"தினமும் லேட்டாத்தான் போய்ச் சேர்றேன்," என்று முடித்தார் டெஸ்மண்ட். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "முதல் பதினோரு நிமிஷம் யாரோட வேலை?"

எட்டு பேரும் என்னைக் காட்டினார்கள். லோய் அண்ணன் இரண்டு கையாலும் காட்டினார், துரோகி. எழுந்தேன்.

"நான்தான் சார். நான்தான் தாளைக் கொடுத்தேன். டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது. தோக்கடிக்கணும்னா என்னைத் தோக்கடிங்க."

டெஸ்மண்ட் ஜோவலினைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். சுயென் கடையைத் திறக்கப் போகவில்லை. டாட்டின் போன் மூன்று முறை அடித்தது, அவன் எடுக்கவில்லை. நான் சாமிக்குப் படைப்பதாக நேர்ந்துகொண்ட பழங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

கதவு திறந்தது. அவள் கண் சிவந்திருந்தது. படிக்குப் படி இறங்கி நேரே என்னிடம் வந்து, இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினாள். வலிக்கத்தான் கிள்ளினாள்.

"பாவி அக்கா! என்னைக் கொன்னுட்ட தெரியுமா? கொன்னே போட்ட!"

"என்னடி ஆச்சு? சொல்லித்தொலையேன்!"

"மொத்த வகுப்புல நான் பேசினது நாலு நிமிஷமாம். கடைசி நாப்பத்தொன்பதுல ஒரே ஒரு கேள்விதானாம். இந்த வருஷத்துல இவ்வளவு கம்மியாப் பேசின டீச்சர் வேற யாரும் இல்லையாம். பாஸ்க்கா! பாஸ்!"

அந்தப் படிக்கட்டு இடிந்து விழாதது ஆச்சரியம். சுயென் அழுதாள், டாட் விசிலடித்தான், பாங்கு காவலாளி எல்லோருக்கும் கை கொடுத்தார். நான் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். வெட்கப்படவில்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஜோவலின் கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை காலைல தாலாத் பஸ்ஸைப் பிடிக்கணும். பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போறது?"

"பெரிய ரோட்டுல நேரா," என்றார் லோய் அண்ணன்.

"இவர் பேச்சைக் கேட்டா பஸ் போயிடும். நான் கூட்டிட்டுப் போறேன், சந்து வழியா!" என்றான் டாட்.

"ரெண்டு பெட்டியோட சந்துலயா? மூளை இருக்காடா உனக்கு?"

நானும் விடவில்லை. பெட்டியை வைக்க என் ஸ்கூட்டரில்தான் முன்னால் இடம் இருக்கிறது, அவள் என்னோடுதான் வருவாள் என்று கத்தினேன். லோய் அண்ணன் பதிலுக்குக் கத்தினார். அவரும் நானும் முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்து வீடு, தினமும் எதற்காவது சண்டை போடுகிறவர்கள். வாசலில் தண்ணீர் தெளித்ததற்கு, நாய்க்கு, மாமரக் கிளைக்கு என்று எத்தனையோ சண்டை. பாதியில்தான் உறைத்தது. வகுப்பு முடிந்து அரை மணி ஆகியிருந்தது. டெஸ்மண்ட் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார். ஜோவலினோ செருப்பைத் தேடப் படிக்குக் கீழே போய்விட்டாள். யாரும் எங்களைப் பார்க்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. நானும் லோய் அண்ணனும் இன்னமும் இங்கிலீஷிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.