நாலு மணிக்குள் ஒரு z

1

இந்தக் கதை மட்டாஞ்சேரியில், சுக்கு மண்டிக்கு எதிரே உள்ள சாயாக்கடையில் எனக்குக் கிடைத்தது. ஃபோனில் பேசிய ஒரு பெண்ணை ஒட்டுக்கேட்டேன். பெயர் ரோஜா. பூமிக்கடியில் எவ்வளவு எரிவாயு இருக்கிறது என்று கணக்குப் போடுகிறவள். அவள் கண்கள் கலங்கி

(வேண்டாம். கண்ணை நான் பார்க்கவில்லை. குரல் மட்டும்தான்.)

2

z என்பது, நெருக்கும்போது வாயு எவ்வளவு அடங்கும் என்று சொல்லும் எண். வாயுவின் எடையை மட்டும் வைத்து வரைபடத்தில் z பார்ப்பது எங்கள் தொழிலின் சோம்பேறிக் குறுக்குவழி. (‘எங்கள்’ என்று எழுதிவிட்டேன். அப்புறம் அடிக்கிறேன்.) ரோஜாவும் அப்படித்தான் பார்த்தாள். ஆய்வகத் தாளின் இரண்டாம் பக்கத்தை இன்றுதான் புரட்டினாள். வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு கரியமில வாயுவாம்! எரியாது, எடையை மட்டும் ஏற்றும். 0.90 வரவேண்டிய z, 0.86 என்று வந்திருந்தது. z குறைந்தால் கணக்கில் வாயு கூடும். எரியாததும் எரிவதோடு சேர்ந்துகொண்டது. பதினான்கு வருஷ வாயு, அறிக்கையில் பதினெட்டு வருஷமாகிவிட்டது.

அதை நம்பி ஒரு கூரையோட்டுத் தொழிற்சாலை, முந்நூறு பேருக்கு வேலை. இன்று நாலு மணிக் கூட்டத்தில் முடிவாகிறது.

3

“சார், z தப்பு. போட்டது நான்தான். திருத்தின கணக்கு ரெடி. அனுப்பட்டா?”

“மோளே, சாயா ஆறிப்போகும் கேட்டோ,” என்றாள் கடைக்கார ஷைலஜா சேச்சி.

“என்னை நிரந்தரமாக்குற மாசம் சார் இது. போனாப் போகட்டும். ஆனா நீங்க சரின்னு சொல்லாம அனுப்ப முடியாதே. சார்?”

மறுமுனை பேசவில்லை.

முடிவு அ: “அனுப்பும்மா” என்கிறார் அவர். இருவர் பெயரும் கெட்டு

முடிவு ஆ: “பதினாலு வருஷம் கழிச்சு நீ எங்கயோ, நான் எங்கயோ. விடும்மா” என்கிறார்.

(ஐயோ, ஆ எவ்வளவு சரளமாக வருகிறது!)

4

சாயாக்கடையில் நான் இல்லை, ஃபோனின் மறுமுனையில் இருந்தேன். ‘சரிபார்த்தவர்: வெங்கிடராமன்’ என்று அறிக்கையின் கடைசியில் இருக்கிறதே, அது நான். அந்த இரண்டாம் பக்கத்தை நானும் புரட்டவில்லை. ஓய்வுபெற ஒன்பது நாள் இருக்கிறது. மறுமுனை பேசவில்லை என்று எழுதியதும் பொய். “ரெண்டு நிமிஷம் கொடும்மா” என்று சொல்லி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். முழுப் பூசணிக்காயை மறைக்க எனக்கு அகப்பட்ட சோறு இந்தக் கதை. பயமாக இருக்கிறது.

மணி மூன்று ஐம்பத்திரண்டு. ஃபோன் மறுபடி அடிக்கிறது. ரோஜாதான். நீங்கள் ஃபோனை எடுத்து அ-வைச் சொல்லுங்களேன். எனக்கு நாக்கில் இன்னும் ஆ-தான் நிற்கிறது.