ஒரு வாய்க்கு ஒரு காரணம்

வெளிநாட்டு ஜிப்புக்குப் போட்ட வரியைத் திரும்பப் பெற்றதற்கு அமைச்சர் சொன்ன காரணம், வரி தன் வேலையை வெற்றிகரமாக முடித்துவிட்டது என்பது. வரி பிறந்தது திங்கட்கிழமை. அமைச்சர் இதைச் சொன்னது வியாழக்கிழமை. அவ்வளவு சுறுசுறுப்பான வரியை நாடு அதற்கு முன் கண்டதில்லை.

அன்று மாலையே துறைச் செயலாளர் வேறொரு காரணம் சொன்னார். அண்டை நாடுகள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டனவாம். எந்த நாடு என்று கேட்டதற்கு, கெஞ்சியவர்களின் பெயரை வெளியில் சொல்வது நாகரிகமல்ல என்றார். வெள்ளிக்கிழமை காலை பொருளாதார ஆலோசகர் வந்து, அது வரியே இல்லை, வரி போடலாமா என்ற எண்ணத்தைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பார்த்ததுதான் என்றார். எண்ணத்துக்கு எப்படிச் சுங்கத்தில் பணம் வாங்கினீர்கள் என்று கண்ணாடி போட்ட ஒரு பெண் நிருபர் கேட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுக்கும்படி ஆலோசகர் உத்தரவிட்டார்.

வணிகத் துறையின் விளக்கப் பிரிவில் இதற்காக யாரும் வெட்கப்படவில்லை. அங்கே நெடுநாளாக ஒரு வழக்கம் உண்டு. ஒரு வாய்க்கு ஒரு காரணம். ஒரு விஷயத்துக்கு ஒருமுறை காரணம் சொன்ன வாய், அதே விஷயத்துக்கு இன்னொரு காரணம் சொல்லக் கூடாது. அப்போது யாரும் தன் பேச்சைத் தானே மாற்றிக்கொண்டார் என்று ஆகாது. ஒவ்வொருவரும் தன் வாக்கில் மலைபோல நிற்பார். காரணம்தான் மலைக்கு மலை தாவிக்கொண்டிருக்கும். இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை. காரணம் தீர்வதற்கு முன்னால் வாய் தீர்ந்துவிடும். அதனால் மேலிருந்து கீழே இறங்கி வரவேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அது அரைப்புள்ளி வரைக்கும் இறங்கிவிட்டது.

அரைப்புள்ளி என்பது அந்தப் பிரிவின் அலுவலருக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர். பத்திரிகைக் குறிப்பு எழுதுவது அவர் வேலை. எந்த வாக்கியத்தையும் முற்றாக முடித்துவிட அவருக்குத் துணிச்சல் வராது. நாளைக்கு ஏதாவது சேர்க்க வேண்டியிருந்தால்? அவர் எழுதுவார், வேறு யாராவது வாசிப்பார்கள். மைக்குக்குப் பின்னால் நிற்க நேரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. கனவுகூட அவருக்கு அளவாகத்தான் வரும்.

ஆனால் அன்று அவருடைய கவலை மைக் அல்ல, ஜிப். அவர் மனைவி பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தாள். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. ஒரு பெரிய பள்ளிக்கான பைகள் மொத்தமும் தைத்து முடிந்து, பட்டறையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. மூட வேண்டிய ஜிப் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. வரியைக் கட்டி எடுத்தால் பள்ளி ஒப்புக்கொண்ட விலைக்குக் கட்டுப்படியாகாது. உள்நாட்டு ஜிப் வைத்துத் தைக்கலாமே என்று கேட்பவர்கள் அதை ஒருமுறையும் இழுத்துப் பார்த்ததில்லை. அது மூடாது, மூடிவிட்டால் திறக்காது. குறித்த நாளில் பை போகவில்லையென்றால் பள்ளி வேறு இடம் பார்த்துக்கொள்ளும். பட்டறைக்கு வருஷம் முழுக்கச் சோறு போடுவது அந்த ஒரு ஆர்டர்தான்.

வரிதான் ரத்தாகிவிட்டதே என்றால், டிவியில் ரத்தானது சுங்கக் கவுன்ட்டருக்குத் தெரியாது. அதற்கு ஆணை வரவேண்டும். ஆணையில் ‘ரத்துக்கான காரணம்’ என்று ஓரிடம் இருந்தது. கடைசியாக மேடையில் சொன்ன காரணம் எதுவோ அதைத்தான் அங்கே எழுத வேண்டும். ஒவ்வொரு முறை எழுதி மேலே அனுப்பும்போதும் காரணம் மாறி, ஆணை கீழே வந்தது. அதைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து கொண்டிருந்தவர் அரைப்புள்ளியேதான்.

மனைவி போன் செய்தாள்.

“என்னங்க, நான் கவுன்ட்டர்லதான் நிக்கிறேன். அண்ணன் வண்டியோட வாசல்ல நிக்கிறாரு. அஞ்சு மணிக்கு மூடிட்டா அப்புறம் திங்கக்கிழமைதான். என்னாச்சு?”

“எல்லாம் ரெடிம்மா. காரணம் ஒண்ணுதான் பாக்கி.”

“ஏதாவது ஒண்ணை எழுதித் தொலைங்களேன். வீட்டுக்கு லேட்டா வந்தா மட்டும் வாசப்படியிலயே ஒண்ணு ரெடியா வெச்சிருக்கீங்க?”

“அது வேற துறைம்மா.”

செயலாளர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தான். அரைப்புள்ளி சட்டையைச் சரிசெய்துகொண்டு போனார்.

“உக்காருங்க,” என்றார் செயலாளர். அந்த அறையில் அரைப்புள்ளியை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அதனாலேயே அவர் நாற்காலியின் நுனியில் மட்டும் உட்கார்ந்தார். “காரணம் ஒண்ணு சிக்கியிருக்கு. இதை எவனும் மாத்த மாட்டான்.”

“சொல்லுங்க சார்.”

“தப்பு நடந்துபோச்சு.”

அரைப்புள்ளி கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். அந்தச் சொல்லை அந்தக் கட்டடத்தில் வைத்து யாரும் உச்சரித்ததாக அவருக்கு நினைவில்லை.

“பழைய வரைவு ஒண்ணு, ஜிப்புக்கு வரி போட்ட வரைவு, கவனக்குறைவா அச்சுக்குப் போயிருச்சு. மத்தபடி வரி போடணும்னு யாருமே நெனைக்கல.”

“யாரோட கவனக்குறைவு சார்?”

செயலாளர் அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சார்...”

“யோசிச்சுப் பாருங்க. வெற்றின்னா ஆளாளுக்குப் பங்கு கேட்டு வருவாங்க. தப்புக்கு எவன் வருவான்? அதனாலதான் இது நிலைக்கும்கிறேன். நீங்க சொல்லி முடிச்ச நிமிஷம் ஆணையில கையெழுத்துப் போடுறேன்.”

“அப்புறம் என் கதி?”

“விசாரணைன்னு ஒண்ணு இருக்கும். தற்காலிகமா வீட்டுல இருப்பீங்க.” செயலாளர் பெருமூச்சு விட்டார். “நம்ம துறையில எதுதான் நிரந்தரம், சொல்லுங்க?”

அரைப்புள்ளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய முள் சிறிய முள்ளைத் துரத்திக்கொண்டிருந்தது. வாயைப் பிளந்த பைகள் அவர் கண்முன் வரிசையாக வந்து நின்றன. “சரி சார்,” என்றார்.

செய்தியாளர் கூடத்தில் விளக்குகள் கண்ணைக் குத்தின. மைக் அவரைவிட உயரமான ஒருவருக்காக வைக்கப்பட்டிருந்தது; அதைத் தாழ்த்தத் தெரியாமல் நுனிக்காலில் எக்கி நின்றார். அந்த நிலையில் நீளமாகப் பேச முடியாது.

“ஜிப் வரி ஒரு தவறு. தவறு என்னுடையது.”

கூடம் காத்திருந்தது. அடுத்து வேறு எதுவும் வரவில்லை. கண்ணாடி போட்ட நிருபர் மெல்ல எழுந்தார்.

“சார், உங்க துறையோட தவறுன்னு சொல்றீங்களா?”

“இல்லம்மா. என் தவறு.”

“அதாவது, சூழ்நிலை காரணமா...”

“சூழ்நிலை நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் சரியில்ல.”

நிருபர் கையில் இன்னும் நாலைந்து கேள்விகள் இருந்தன. எல்லாமே ‘அப்படியென்றால்’ என்று தொடங்குபவை. அவர் உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் கேமராவைப் பிடித்திருந்த ஒருவர் மற்றக் கையால் தொடையில் தட்டினார். வேறு கை இல்லாததால் அதைக் கைதட்டல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

செயலாளர் சொன்ன சொல் தவறவில்லை. கையெழுத்து விழுந்தது, ஆணை போனது. மனைவி போன் செய்தாள். “வந்துருச்சாம்! எனக்கு முன்னாடி ரெண்டே பேருதான்.” அரைப்புள்ளி தன் மேசையில் வந்து உட்கார்ந்து ஒரு டீ வரவழைத்தார். வேலை போனவர் குடிப்பது போலவே இல்லை. நிதானமாக ஊதிக் குடித்தார்.

டீ பாதி இருக்கும்போது பக்கத்து மேசைக்காரர் தன் போனை நீட்டினார். நாடு அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. தப்பை ஒத்துக்கொண்ட ஒரே அதிகாரி. இப்படி ஒரு மனிதனா என்று ஒருவர் அழுதிருந்தார். அவரைத் தேர்தலில் நிற்கச் சொல்லி ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், “வேண்டாம், கெட்டுப்போய்விடுவார்” என்று எழுதியிருந்தார்.

இதை அமைச்சரும் பார்த்தார். பார்த்தவர் சும்மா இருக்கவில்லை. வாசல் போர்ட்டிகோவில் நிருபர்கள் முன்னால் இறங்கி நின்று, “தவறு என்னுடையது. ஒரு சாதாரண ஊழியர்மேல் பழிபோட என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை,” என்றார். அமைச்சர் ஏற்கெனவே ஒரு காரணம் சொன்ன வாய் ஆயிற்றே என்று விளக்கப் பிரிவு திடுக்கிட்டது. பிறகு, அமைச்சருக்கு வாய் ஒன்றுதான் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை என்று ஒருவர் சொல்லவும் அமைதியானது. ஆலோசகர் மட்டும் ஆழமாகப் பார்த்தால் தவறு தன்னுடையது என்று தொலைபேசியில் ஒரு சேனலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி மறுபடியும் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

“என்னங்க, ஆபீசர் ரப்பர் ஸ்டாம்பைத் தூக்கிட்டாரு. இன்னும் கீழ வைக்கல.”

“ஏன்?”

“எதிர்ல டிவி ஓடுது. ஆணையில உங்க தப்புன்னு போட்டிருக்கு, அமைச்சர் தன்னோட தப்புங்கிறாரு. யாரோட தப்புன்னு உறுதியாகட்டும், அப்புறம் குத்துறேன்கிறாரு.”

“தூக்கியேவா வெச்சிருக்காரு? கை வலிக்காதா?”

“ஐயோ, அவர் கைக்கு நான் தைலமா தேய்க்க முடியும்? மணியைப் பாருங்க!”

அரைப்புள்ளி ஓடினார். அந்தக் கட்டடத்தில் ஓடுவது வழக்கமில்லை. இரண்டு மாடிகளில் ஆட்கள் தீ விபத்து என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டார்கள். அமைச்சர் அறையில் பாராட்டு அழைப்புகள் வந்தபடி இருந்தன.

“ஐயா, அந்தத் தப்பு என்னோடது.”

“விடுப்பா. உனக்குப் பெரிய மனசு. இனி நான் பாத்துக்கறேன்.”

“இல்லைங்கய்யா, நெஜமாவே என்னோடது.”

“உன் லெவலுக்கு அது ரொம்பப் பெரிய தப்புப்பா. நாடு பூரா ஜிப்பை நிறுத்துற தப்பை ஒரு பிரிவு அலுவலர் பண்ணினாருன்னா ஜனங்க நம்புவாங்களா?”

“நம்பினாங்களேய்யா.”

அமைச்சருக்கு அது பிடிக்கவில்லை. கையசைத்துப் போகச் சொன்னார். அரைப்புள்ளி போகவில்லை.

“ஐயா, தப்பு உங்களோடதுன்னு உறுதியாயிட்டா, அடுத்து ராஜினாமா எப்போன்னு கேப்பாங்க.”

அமைச்சரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. உள்ளே குடியிருந்தவர் மட்டும் காலி செய்துவிட்டார்.

“யாரு கேப்பா?”

“கண்ணாடி போட்ட ஒரு நிருபர். கீழ வாசல்லதான் நிக்கிறாங்க.”

அமைச்சர் நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். “அந்த வரைவை எங்க வெச்சிருந்தே?”

“என் மேசையில, இடது பக்கம். பறக்காம இருக்கத் தண்ணி பாட்டிலை மேல வெச்சிருந்தேன். அச்சகத்து ஆள் வந்து கேட்டப்ப போன்ல பேசிக்கிட்டே எடுத்துக் குடுத்துட்டேன். பாட்டில் நின்ன இடத்துல காகிதம் வட்டமா நனைஞ்சிருந்துச்சு.”

“அடப்பாவி,” என்றார் அமைச்சர், மனம் நிறைந்த நன்றியோடு.

மறுபடியும் போர்ட்டிகோ. தவறு அலுவலருடையதுதான், அதைத் தன்னுடையது என்று சொன்னது தன் பெருந்தன்மை, பெருந்தன்மையைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்றார் அமைச்சர். போனில் அரைப்புள்ளிக்கு மனைவியின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ‘டொக்’ என்று ஒரு சத்தம்.

“குத்திட்டாரு,” என்றாள். “அண்ணே, வண்டியை எடு!”

மாலையில் அவர் பட்டறைக்குப் போனபோது எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. துணி வெட்டும் மேசையிலிருந்து மனைவியின் அண்ணன் கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டினார்.

“வாங்க மாப்ளே! நாட்டையே தெறந்து போட்ட ஆளு!”

“நீங்க வேற மச்சான்.”

மனைவி சிரிக்கவில்லை. ஜிப்பை ஓரத்தில் பொருத்திக்கொண்டே கேட்டாள். “நெஜமா நீங்கதான் பண்ணீங்களா?”

“அது எப்படின்னா, ஒரு வகையில பாத்தா...”

“காரணம் கேக்கல. ஆமாவா, இல்லையா?”

இவ்வளவு குட்டிக் கேள்வியை அவர் அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. ‘இல்லை’ என்று சொல்ல வாயைத் திறந்தார். அப்போது மேசை தெரிந்தது. இடது பக்கம் தெரிந்தது. பாட்டிலடியில் வட்டமாக நனைந்த காகிதம், நீட்டிய ஒரு கை. அமைச்சர் அறையில் வாய்க்கு வந்ததைச் சொன்னார் என்றுதான் நினைத்திருந்தார். இப்போது உள்ளங்கை ஈரமாக இருந்தது.

“இல்லம்மா.”

“நிச்சயமா?”

“அப்படித்தான் நெனைக்கிறேன்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “வேலை?”

“தற்காலிகமா இல்ல.”

“யாரைக் கேட்டு...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஒரு சின்னக் கத்தரிக்கோலை அவர் கையில் வைத்தாள். “அந்த ஸ்டூல்ல உக்காந்து நூலை வெட்டுங்க. பாத்து. இங்க தப்புப் பண்ணா ஒத்துக்கிட்டா மட்டும் பத்தாது, பிரிச்சுத் தைக்கணும்.”

அவர் நூல் வெட்டத் தொடங்கிச் சற்று நேரத்தில், மேசைமேல் வைத்த அவர் போன் அதிர்ந்தது. செயலாளரின் எண். ஒவ்வொரு மெஷினாக நின்றது. போன் தானாகவே நடுங்கி நடுங்கி மேசை விளிம்பை நோக்கி நகர்ந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

“இன்னொரு வாய் கெடைச்சிருச்சோ?” என்றார் அண்ணன்.

“வாயை மூடு. தைங்கப்பா, என்ன வேடிக்கை?” என்றாள் மனைவி. “பையில ஏறின ஜிப்பை எந்த ஆணையும் இறக்க முடியாது.” சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கணவரைக் கேட்டாள். “முடியாதுதானே?”

அரைப்புள்ளி தனக்குத் தெரிந்த விதிகள் எல்லாவற்றையும் ஒருமுறை மனதில் புரட்டிப் பார்த்தார்.

“இதுவரைக்கும் இல்ல,” என்றார்.

எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின.