ஒரு ஆள் கூடுதல்

1943ஆம் ஆண்டு செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, நெப்ராஸ்கா மாநிலத்து ஸ்டான்விக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி பதினோரு பையன்களோடு மைதானத்தில் இறங்கியது. நடுவர் ஆர்லோ பிரிச்சர்ட் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு பேர் நிற்பதாகச் சொல்லி, மணிக்கட்டில் கட்டியிருந்த தகரக் கொம்பை ஊதி ஐந்து கஜம் பின்வாங்கும்படி தண்டம் போட்டார். ஆர்லோ வார நாட்களில் குடியானவர்களுக்கு ஆலங்கட்டி மழைக் காப்பீடு விற்பவர். தன் மாமனார் வயலில் விழாத கல்லை விழுந்ததாக எழுதித் தர மறுத்து, மூன்று வருடம் அந்த வீட்டு விருந்துக்கு அழைக்கப்படாமல் இருந்தவர். அப்படிப்பட்ட மனிதர் ஓர் ஆளைக் கூட்டிச் சொல்ல மாட்டார் என்பதால் கூட்டத்தில் யாரும் கத்தவில்லை. பயிற்சியாளர் எமில் ஹொராக் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் போனார்.

“ஆர்லோ, என்கிட்ட மொத்தமே பதினாலு பசங்கதான் இருக்காங்க. அதுல ஒருத்தனுக்கு ஒரு கண்ணு தெரியாது, இன்னொருத்தனுக்குக் காது மந்தம். பட்டாளத்துக்காரன் வேண்டாம்னு தள்ளினதையும் இன்னும் கூப்பிடாததையும் நான் பொறுக்கி வச்சிருக்கேன். பன்னிரண்டாவது ஆளுக்கு நான் எங்கப்பா போவேன்?”

“எங்கேருந்து வந்தான்னு எனக்குத் தெரியாது எமில். நிக்கிறான். எண்ணினேன்.”

“யாரு அது?”

“எண்ணத்தான் எனக்குச் சம்பளம். பேர் கேக்குறதுக்கு இல்ல.”

எமில் தானும் எண்ணிப் பார்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதினொன்று வந்தது. விரல் விட்டு எண்ணினால் பன்னிரண்டு வந்தது. எதிரணிப் பயிற்சியாளர் எண்ணினாலும் அப்படித்தான். பிறகு எமில் தரையைப் பார்த்தார். வரிசையின் இடது பக்கத்தில், யாரும் நிற்காத இடத்தில், புல் பெயர்ந்து இரண்டு குதிகால் குழிகள் புதிதாக இருந்தன. ஆட்டம் தொடங்குமுன் குதிகாலால் இரண்டு முறை மண்ணைக் குத்தும் பழக்கம் போன வருடம் ஆடிய ரூடி காசலுக்கு மட்டுமே உண்டு. அவன் அப்போது இத்தாலியில் காலாட்படையில் இருந்தான், அல்லது இருப்பதாக ஊர் நினைத்திருந்தது. எமில் இடது பக்கத்தில் நின்ற பையனை வெளியே அழைத்துக்கொண்டார். பத்துப் பையன்களோடு ஆட்டம் நடந்தது, கொம்பு மறுபடி ஊதவில்லை. புதன்கிழமை ரயில் நிலையத்துத் தந்திக்காரர் காசல் வீட்டுக் கதவைத் தட்டியபோது, ரூடியின் தாய் கறுப்பு உடையில் வந்து கதவைத் திறந்தாள். தந்தியை வாங்கிப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தாள்.

அக்டோபர் நடுவில் டெல்பர்ட் ஓக்ஸ் வந்தான். அவனும் பழைய ஆட்டக்காரன், ஜெர்மனிக்கு மேலே குண்டுவீச்சு விமானத்தில் பறந்துகொண்டிருந்தவன். நிற்கும் இடத்தில் ஒரு பிடி புல்லைப் பிடுங்கிக் காற்றில் விடுவது அவன் வழக்கம். வரிசையின் வலது பக்கத்தில் புல் தானாகப் பறந்தபோது ஊரே அடையாளம் கண்டுகொண்டது. எமில் ஒன்பது பையன்களோடு ஆடினார். விமானத் தள அணியின் ராட்சதன் ஒருவன், தன்னை யாரோ தோளில் இடித்துத் தள்ளியதாக நடுவரிடம் புகார் சொல்ல வந்தான். பார்வையாளர் வரிசையில் டெல்பர்ட்டின் தகப்பனார் எழுந்து நிற்பதைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று திரும்பிப் போய்விட்டான். கல்லூரிகளின் கூட்டமைப்பும் கூடி யோசித்தது. நடுவர் எண்ணுகிற எவனும் ஆட்டக்காரனே என்றும், பதினொன்றுக்கு மேல் கூடாது, குறைந்தால் அது அந்தந்த அணியின் தலையெழுத்து என்றும் தீர்ப்புச் சொன்னது. பெட்ரோல் பங்கீட்டு அட்டை தீர்ந்தவர்கள் குதிரை வண்டி பூட்டிக்கொண்டு ஆட்டத்துக்கு வர ஆரம்பித்தார்கள். ஸ்டான்விக் அணியில் ஆடிவிட்டுப் போருக்குப் போன பிள்ளைகளின் தாய்மார் அத்தனை பேரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆட்டத்தின் விதி ஒன்றுகூட அவர்களுக்குத் தெரியாது. கொம்பு ஊதாவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டினார்கள்.

எமிலின் ஒரே மகன் லியோவும் அந்த அணியில் ஆடியவன்தான். இரண்டு வருடம் பந்தை உதைத்து அனுப்பும் பொறுப்பு அவனுடையது. வரிசைக்கு வெகு பின்னால் தனியாக நின்று, காலணி நுனியால் மண்ணில் ஒரு சிலுவைக் குறி போட்டுவிட்டு, அதன் மேல் நின்று உதைப்பான். பந்தை இடுப்பருகே தாழ்த்தி விடாமல் மார்புக்கு நேராக உயரத்திலிருந்து விடுவான். அதனால் பந்து கோணலாகப் போகும். இதற்காகத் தகப்பனிடம் அவன் வாங்காத வசவு இல்லை. இப்போது பசிபிக்கில் கடற்படைப் போர்வீரன். அவனிடமிருந்து ஆகஸ்டுக்குப் பிறகு கடிதம் இல்லை.

நவம்பர் முதல் வாரத்தில் எமில் ஒரு காரியம் செய்தார். ஒன்பது பேரை அனுப்ப வேண்டிய இடத்தில் எட்டுப் பேரை அனுப்பினார். இறந்தவர் இருவரையும் சேர்த்தால் பத்து. ஓர் இடம் காலி. புதிதாக ஒருவன் வந்து நின்றாலும் பதினொன்றைத் தாண்டாது, ஆர்லோ ஊதமாட்டார். வெளியே உட்கார வைக்க அவர் தேர்ந்தெடுத்தது ஹோமர் ஸ்டிட் என்பவனை. லியோவின் இடத்தில் பந்தை உதைப்பவன், பதினெட்டு வயது, டிசம்பரில் பட்டாளத்துக்கு ரயில் ஏற வேண்டியவன். அவனுக்குக் கிடைத்ததே அந்த ஒரு பருவம்தான்.

“உனக்குக் கணுக்கால் சுளுக்கு, ஹோமர். கேட்டவங்ககிட்ட அப்படிச் சொல்லு. நொண்டி நட.”

“எந்தக் கால் கோச்?”

“ஏதோ ஒண்ணு. நடுவுல மாத்திக்காம நொண்டு.”

ஹோமர் ஏன் என்று கேட்கவில்லை. லியோ ஹொராக்கிடமிருந்து கடிதம் வரவில்லை என்பது அஞ்சலகம் வைத்திருக்கும் ஊர் எதிலும் ரகசியமாக இருக்க முடியாது. எமில் தரையைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். ஆட்டம் முழுக்க மேகத்தையும் தானியக் கிடங்கின் கூரையையும் பார்த்துக்கொண்டு நின்றார். அணி நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. கொம்பு ஊதவில்லை. முன்வரிசைத் தாய்மாரில் ஒருத்தியான ரோசாலி வோடிச்கா ஒரு தட்டு நிறைய, பாதாமிப் பழம் வைத்த கொலாச் என்ற இனிப்பு ரொட்டியோடு அவரிடம் வந்தாள். சர்க்கரைப் பங்கீடு இருந்த காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

“ஊதல பாத்தியா எமில்? என் எட்வின் இருக்கான். சாப்பிடு, சாப்பிடு. தோத்தா என்ன இப்போ.”

எமில் ஒன்றை எடுத்துத் தின்றார். நன்றாக இருந்தது என்றும் சொன்னார். ரோசாலி கம்பளி நூல் வாங்கி, எட்வினுக்குக் குளிருக்காக ஒரு கையில்லாச் சட்டை பின்னி முடித்து அஞ்சலில் சேர்த்த மறுநாள் தந்தி வந்தது. எட்வின் அந்த ஆட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமையே இறந்துபோயிருந்தான். காலியாக விட்ட இடத்தில் வந்து நின்றிருக்கிறான். பதினொன்று சரியாக இருந்ததால் யாரும் ஊதவில்லை. ஒரு தாயைப் பொய்யாகச் சிரிக்க வைத்து அவள் கையால் வாங்கித் தின்றோம் என்ற நினைப்பு எமிலைத் தூங்கவிடவில்லை. இருந்தும் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. பயம் வெட்கத்தைவிடப் பெரியதாக இருந்தது.

பருவத்தின் கடைசி ஆட்டம் நவம்பர் இறுதியில் வரும் நன்றி கூறும் நாளன்று. இறந்தவர் மூவர் ஆகிவிட்டதால் எட்டுப் பேரை இறக்கலாம். எமில் ஏழு பேரை இறக்கினார். அப்போது அவர் மனைவி ஆக்னஸ் பார்வையாளர் வரிசையிலிருந்து இறங்கி, மேலங்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, மைதானக் கோட்டோரம் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“போன சனிக்கிழமை தேவாலய விருந்துல ஹோமர் என்கூட ரெண்டு போல்கா ஆடினான். சுளுக்குக் காலோட.”

எமில் தானியக் கிடங்கைப் பார்த்தார்.

“நான் எண்ணினேன் எமில். எனக்கும் எண்ணத் தெரியும். அவன அனுப்பு.”

“தெரியாம இருக்கிற வரைக்கும் அவன் இருக்கான், ஆக்னஸ். விட்டுடேன். தந்தி வரும்போது வரட்டும்.”

“ரோசாலி பின்னின சட்டை கப்பல்ல போயிட்டிருக்கு. போட்டுக்க ஆள் இல்லாம. நம்ம பயத்துக்கு அவ நூல் வாங்கினா.” அவள் கடைசிப் பொத்தானைப் போட்டாள். “அவன் வந்து நின்னுட்டு, நாம பாக்காம இருந்தா? அத நெனச்சுப் பாத்தியா நீ?”

அதை எமில் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. தானியக் கிடங்கிலிருந்து கண்ணை எடுத்து மைதானத்தைப் பார்த்தார். “ஹோமர்,” என்றார், “போடா.” ஹோமர் கழுத்துவரை சிவந்து, நொண்டாமல் ஓடினான்.

ஆர்லோ விரல் விட்டு எண்ணினார். ஒரு முறை எண்ணி, எமிலைப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு கொம்பை ஊதினார். ஐந்து கஜம் தண்டம்.

முன்வரிசையில் தாய்மார் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எமில் உள்ளே போய், வரிசையைத் தாண்டி, பின்னால் யாரும் நிற்காத இடம்வரை நடந்தார். உறைந்த மண்ணில் சிலுவைக் குறி இருந்தது. கீறிய பொடி மண் இன்னும் புதிதாக இருந்தது. கொஞ்ச நேரம் அங்கே நின்றார். கை நீட்டினால் தட்டுப்படுமோ என்ற எண்ணம் வந்தது, நீட்டவில்லை. ஆட்டக்காரனை மைதானத்தில் தொட்டு இடைஞ்சல் செய்கிறவர் அல்ல அவர். ஹோமரைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். அவசரத்தில் ஹோமர் நொண்டிக்கொண்டே வந்தான். ஆக்னஸ் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துத் தன் போர்வையை அவன்மேல் போர்த்தினாள். ரோசாலி வோடிச்காவும் இறங்கி வந்து, எமிலைப் பார்க்காமல், ஆக்னஸின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள்.

மூன்று முயற்சியில் பந்து பத்துக் கஜம் முன்னே நகராவிட்டால் நான்காவதில் அதைத் தொலைவுக்கு உதைத்து அனுப்புவது வழக்கம். ஸ்டான்விக்கின் பந்து நகரவில்லை. நடுவே நின்ற பையன் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் எறிந்தான். அது வெற்றிடத்தில் மார்பு உயரத்தில் நின்றது, கீழே விழத் தொடங்கியது, பிறகு பெரிய சத்தத்தோடு மேலே கிளம்பி, கோணலாகச் சுழன்று, முப்பது கஜத்தில் எல்லைக் கோட்டைத் தாண்டியது.

“பந்த உயரத்துலேர்ந்து விடாதடா, இடுப்புகிட்ட விடுன்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன்,” என்றார் எமில். கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

“அவன் எந்தக் காலத்துல நீ சொன்னதக் கேட்டான்,” என்றாள் ஆக்னஸ்.

அன்று ஐந்து முறை உதைத்தான். ஒன்றுகூட நேராகப் போகவில்லை. ஸ்டான்விக் ஏழுக்கு ஆறு என்று தோற்றது. மாவட்டப் பத்திரிகை ‘உதைத்தவர்: ஹொராக்’ என்று சரியாகவே அச்சிட்டது. டிசம்பரில் தந்தி வந்தது. எமில் கையெழுத்துப் போட்டு வாங்கி, தந்திக்காரருக்குக் காபி கொடுத்து அனுப்பினார். அதே வாரம் ஹோமர் பட்டாள ரயில் ஏறினான். நிலையத்தில் ஆக்னஸ் அவன் காலரைச் சரிசெய்து, “அடுத்த வருஷம் டிக்கெட் வாங்கிட்டு வந்து ஆட்டம் பாரு. மைதானத்துல வந்து நிக்கிற வேலையெல்லாம் வச்சுக்காத,” என்றாள். சரி என்று அவன் தலையாட்டினான்.

கோடையில் எமில் அடுத்த பருவத்துக்கான சாமான் வாங்க லிங்கன் நகரத்துக்குப் போனார். ஏழு தோல் தலைக்கவசம் கேட்டார். ஒரு அணிக்கு ஏழு எப்படிப் போதும் என்று கடைக்காரர் கேட்டார். போதும், சண்டை இன்னும் முடியவில்லை, இதிலேயே ஒன்றிரண்டு மிஞ்சும் என்று சொல்லிவிட்டு எமில் பணத்தைக் கட்டினார்.